மைவிக்கு எக்சோஸ் மாற்றலாமா? சுங்கை சிப்புட் ரோட்டுக்கு எது பொருந்தும்

அக்கா மகன் ஒரு பெரோடுவா மைவி கார் வாங்கியிருக்கிறான், 2013ல் வந்த 1.3 மேனுவல், இரண்டாம் கை வண்டி. வீடு இங்கே சுங்கை சிப்புட்டில், வேலை ஈப்போவில், தினமும் பழைய ரோட்டில் செம்மோர் வழியாகப் போய் வருகிறான். கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, எக்சோஸ் மாத்தலாம்னு இருக்கேன், ரெண்டு இஞ்ச் போதுமா, ரெண்டரை போடவா?" என்பதுதான். எக்சோஸ் என்றால் இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் வரிசை, அவன் கேட்டது அந்தப் பைப்பின் விட்டம்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மாதம் ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். நான் செம்பனை ஆலையில் இயந்திரப் பகுதியில் வேலை பார்க்கிறவன், சனி ஞாயிறில் நண்பர் ஒருவரின் பட்டறையில் கூடமாட நிற்பேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இந்த முறை முழுதாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதில் பையன்கள் இழக்கும் பணம் சின்னப் பணம் இல்லை, ஓவர்டைம் செய்து சேர்த்த பணம்.

எந்த பைப் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் கார் ஒரு நாளில் எந்த ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், அதிக நேரம் ஓடுகிறது என்று கவனியுங்கள். எங்கள் ரோட்டில் முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும், இடையில் சிக்னல், பள்ளிக்கூடம், சந்தை என்று வந்துகொண்டே இருக்கும், வேகம் 60, 80க்குள்தான். அப்படியென்றால் முள் 1,500க்கும் 3,000க்கும் நடுவில்தான் நிற்கும். 5,000ஐத் தொடுவது லாரியை முந்தும்போது சில வினாடிகள், அவ்வளவுதான். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் பார்த்தேன், உங்கள் கணக்கு வேறாக இருந்தால் முடிவும் வேறாகும்.

எக்சோஸ் என்ன செய்கிறது என்பதில் இரண்டு தவறான பேச்சு நடமாடுகிறது. ஒன்று, பைப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பது. இன்னொன்று, இன்ஜினுக்குக் கொஞ்சம் 'பேக் பிரஷர்' வேண்டும், அது இல்லாவிட்டால் இழுக்காது என்பது. இன்ஜினுக்கு எதிரழுத்தம் எந்த நேரத்திலும் தேவையில்லை, அது பிஸ்டனுக்குச் சுமைதான். தேவைப்படுவது புகையின் ஓட்ட வேகம். ஒரு சிலிண்டரின் எக்சோஸ் வால்வு திறந்ததும் புகை ஒரு துடிப்பாக வெளியே பாய்கிறது. அது வேகமாகப் போனால் தன் பின்னால் ஒரு காலியிடத்தை விட்டுச் செல்கிறது, அந்த உறிஞ்சலில் சிலிண்டரில் மிச்சமிருக்கும் பழைய புகையும் வெளியே வந்துவிடும். எக்சோஸ் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறக்கும் ஒரு சிறு நேரம் உண்டு, அந்த நேரத்தில் உறிஞ்சல் சரியாக அமைந்தால் புதுக் காற்றும் கூடுதலாக உள்ளே வரும். கூடுதல் காற்று வந்தால் கூடுதல் பெட்ரோல் எரியும், கூடுதல் இழுவை கிடைக்கும். எக்சோஸ் மாற்றிப் பெறும் சக்தியில் ஒரு பங்கு இந்த இடத்திலிருந்து வருவது, மற்றது புகையை வெளியே தள்ளும் வேலை பிஸ்டனுக்குக் குறைவதால் வருவது.

சரி, இப்போது பைப்பைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? 1.75 இஞ்ச் பைப்பை எடுத்துவிட்டு 2.5 இஞ்ச் போட்டால் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதே அளவு புகைதான் வருகிறது, ஆகவே ஓட்ட வேகம் பாதியாகிறது. 6,000 ஆர்பிஎம்மில் புகை வெள்ளமாக வரும்போது பெரிய பைப் உதவும், ஆனால் 2,000ல், சின்ன 1.3 இன்ஜினிலிருந்து வரும் கொஞ்சப் புகை அந்தப் பெரிய பைப்பில் சோம்பிப் போகும், வழியில் ஆறும், ஆற ஆற இன்னும் மெதுவாகும். இழுவை குறைந்ததைப் பார்த்துத்தான் "பேக் பிரஷர் போச்சு" என்கிறார்கள். போனது ஓட்ட வேகம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என்னிடம் ஒரு வீரா 1.5 இருந்தது, 4ஜி15 இன்ஜின், நல்ல வண்டி. ஒரு கடையில் 2.25 இஞ்ச் பைப்பும் பெரிய வாய் வைத்த மஃப்ளரும் (சத்தம் அடக்கும் பெட்டி) போட்டுக்கொண்டு வந்தேன். முதல் வாரம் கார் பறப்பது போலத்தான் இருந்தது. அடுத்த மாதம் குடும்பத்தோடு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறினோம், பின்னால் அம்மா, அக்கா, பிள்ளைகள். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வளைவுகளில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது, இரண்டாவதில் முறுக்கினால் சத்தம் தாங்கவில்லை, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இறங்கி வந்த பிறகு பழைய அளவு பைப்பையே தேடிப் பிடித்துப் போட்டேன். அந்த இரண்டு செலவும் சேர்ந்தால் அன்றைய நிலையில் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

முதல் வாரம் பறந்தது போல இருந்ததே, அது ஏன்? காது செய்த வேலை. சத்தம் கூடினால் வேகம் கூடியது போல உடம்புக்குத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். ஆகவே காதை நம்பாமல் அளந்து பாருங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரே சமதளத் துண்டைத் தேர்ந்துகொண்டு, நான்காவது கியரிலேயே 60லிருந்து 100 வரை போக எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் மீட்டரைப் படம் பிடிக்கட்டும். மாற்றுவதற்கு முன் மூன்று தடவை, மாற்றிய பிறகு மூன்று தடவை, ஏசியும் ஆட்களின் எடையும் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருக்கட்டும். சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் உள்ள இடத்துக்கு அலைய வேண்டாம், இதுவே உண்மையைச் சொல்லிவிடும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

பின்னால் இருக்கும் மஃப்ளரை மட்டும் மாற்றுவது எல்லோரும் முதலில் செய்வது, செலவும் குறைவு. டர்போ இல்லாத 1.3, 1.5 கார்களில் இதனால் சக்தி கூடுவது ஒன்று இரண்டு குதிரைச்சக்தி, சில நேரம் அளக்கவே முடியாத அளவு. 2017ல் வந்த மைவி 1.5ஐ எடுத்துக்கொண்டால் கம்பெனி சொல்லும் கணக்கு 102 குதிரைச்சக்தி, 136 நியூட்டன் மீட்டர். அதில் இரண்டு கூடினால் இரண்டு விழுக்காடு, ஒரு ஆள் காரை விட்டு இறங்கினால் அதைவிடப் பெரிய மாற்றம் தெரியும். சத்தத்துக்காக மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் அதில் ஒன்றும் தப்பில்லை, நல்ல ஆழமான சத்தம் எனக்கும் பிடிக்கும், ஆனால் சத்தத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுங்கள். இன்னொன்று, நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது, 3,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 100 வெடிப்பு. நெடுஞ்சாலையில் 110ல் போகும்போது சின்னக் கார்கள் பலதும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சுற்றும். அந்த அதிர்வெண்ணைக் கம்பெனிக்காரர்கள் நடுவில் ஒரு ரெசனேட்டர் வைத்து அடக்கியிருப்பார்கள். அதை வெட்டிவிட்டு வெறும் பைப் போட்டால் கார் முழுக்க ஒரு "ம்ம்ம்" என்ற ரீங்காரம், கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் தலைவலி. மஃப்ளர் மாற்றினாலும் ரெசனேட்டரைத் தொடாதீர்கள்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி, சுருக்கமாகக் கேட்) பின்னால் முழுதையும் மாற்றுவது அடுத்தது. இங்கே விட்டத்தைவிட வளைவுதான் முக்கியம், இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. சாதாரண இயந்திரத்தில் வளைத்த பைப் வளைவில் நசுங்கும், வெளியே 2 இஞ்ச் என்று எழுதியிருந்தாலும் வளைவில் உள்வழி குறுகிப்போயிருக்கும். உள்ளே அச்சு கொடுத்து வளைத்த பைப், மாண்ட்ரல் வளைவு என்பார்கள், முழு விட்டத்தோடு திரும்பும். 1.3, 1.5 டர்போ இல்லாத இன்ஜினுக்கு நன்றாக வளைத்த 1.75 போதும், நிறைய முறுக்கி ஓட்டுபவர் என்றால் 2 இஞ்ச். அதற்கு மேல் போடச் சொல்லும் கடைக்காரரிடம் ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். கிடைப்பது மேல் ஆர்பிஎம்மில் மூன்று நான்கு குதிரைச்சக்தி இருக்கலாம், எங்கள் ரோட்டில் அதைத் தொடும் நேரம் மிகக் குறைவு. இரும்பு எது என்பதும் பாருங்கள். தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓடும் காரில் எக்சோஸ் முழுதாகச் சூடாவதில்லை, எரிந்ததில் வந்த நீராவி மஃப்ளருக்குள் தண்ணீராகத் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், சாதாரண இரும்பு சீக்கிரம் ஓட்டையாகும். 304 ஸ்டெயின்லெஸ் விலை கூட, ஆனால் மழையும் வெக்கையும் உள்ள நம் ஊருக்கு அது தாங்கும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் போகிறவர்கள் பைப் எவ்வளவு கீழே தொங்குகிறது என்றும் குனிந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எக்ஸ்ட்ராக்டர்தான் உண்மையில் இன்ஜினோடு பேசும் பகுதி, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் கம்பெனி குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டில் நான்கு சிலிண்டரின் வழியும் குட்டையாக, சீக்கிரமே ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகப் போடும் எக்ஸ்ட்ராக்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி நீளப் பைப். துடிப்பு அந்தப் பைப்பின் முனையை அடைந்ததும் ஓர் எதிரலை திரும்பி வரும், அது வால்வு மூடும் முன் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் நான் மேலே சொன்ன உறிஞ்சல் பலமாகும். நேரம் சரியாவது பைப்பின் நீளத்தைப் பொறுத்தது, ஒரு நீளம் ஒரு ஆர்பிஎம் வட்டாரத்துக்குத்தான் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தும் எக்ஸ்ட்ராக்டர் கிடையாது. கடையில் 4-1, 4-2-1 என்று இரண்டு வகை சொல்வார்கள். 4-1ல் நான்கும் ஒரே இடத்தில் சேரும், ஆதாயம் மேல் ஆர்பிஎம்மில். 4-2-1ல் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும். வெடிப்பு வரிசை 1-3-4-2 என்பதால் 1ஐயும் 4ஐயும் ஒரு ஜோடியாக, 2ஐயும் 3ஐயும் இன்னொரு ஜோடியாகச் சேர்ப்பார்கள், அப்போது ஒரு ஜோடிக்குள் இரண்டு துடிப்புக்கும் நடுவே முழுச் சுற்று இடைவெளி கிடைக்கும், ஒன்று இன்னொன்றின் வழியில் குறுக்கே வராது. நடு ஆர்பிஎம்மில் இழுவை கூடும். எங்கள் மாதிரி ரோட்டுக்கு, மலைக்கு, குடும்பத்தோடு போவதற்கு 4-2-1தான். கார் பந்தயக் களத்துக்குப் போகிறவர் 4-1 பார்க்கட்டும்.

ஆனால் எக்ஸ்ட்ராக்டர் வாங்குவதற்கு முன் கேட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல கார்களில் அது மேனிஃபோல்டோடு ஒட்டியே வரும், அந்தக் கார்களில் எக்ஸ்ட்ராக்டர் என்றால் கேட் போய்விடும் என்று பொருள். அதோடு மலிவான எக்ஸ்ட்ராக்டர்கள் வெல்டிங் இடத்தில் விரிசல் விடும், இணைக்கும் ஃபிளேஞ்ச் தகடு சமமாக இல்லாமல், நடுவில் வைக்கும் கேஸ்கெட் ஊதிப் புகை கசியும். சூட்டைத் தடுக்கத் துணி நாடா சுற்றுவார்கள், சாதாரண இரும்பில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து அரித்துவிடும், எனக்குப் பிடிக்காது. இவ்வளவும் செய்து, இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவில் அதற்கேற்ற டியூனும் செய்தால்தான் சின்ன இன்ஜினில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை எதிர்பார்க்கலாம். டியூன் இல்லாமல் அதில் பாதியும் நிச்சயமில்லை.

கேட்டைக் கழற்றுவது அல்லது உள்ளே உடைத்துக் காலி செய்வது. இதை நான் செய்ய மாட்டேன், என் பட்டறை நண்பரையும் செய்ய விடுவதில்லை. கேட்டின் உள்ளே தேன்கூடு போல இருக்கும் பகுதியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது, கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் மாற்றி அனுப்புகிறது. கழற்றினால் பின் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துவிட்டு பி0420 என்ற குறியீட்டோடு செக் இன்ஜின் விளக்கைப் போடும். விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் நாளைக்கு உண்மையான கோளாறு வரும்போது எப்படித் தெரியும்? நம் தாமானில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். காலை ஆறு மணிக்கு நீங்கள் சூடேற்றும் காரின் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் அறைக்குள்தான் போகிறது.

"கேட்டை எடுத்ததும் கார் பறக்குது அண்ணே" என்று சொல்பவர்கள் நிறைய. அவர்களில் பலர் சொல்வது பொய்யில்லை, ஆனால் காரணம் வேறு. பழைய காரில் இன்ஜின் எண்ணெய் எரிந்தோ, பிளக் சரியாக வெடிக்காமல் பெட்ரோல் உள்ளே போயோ கேட் உருகி அடைத்திருக்கும். அடைத்த கேட் மேல் ஆர்பிஎம்மில் இன்ஜினின் கழுத்தை நெரிக்கும். அதை எடுத்தால் கார் இழுக்கத்தான் செய்யும், ஒரு நல்ல புது கேட் போட்டிருந்தாலும் அதே அளவு இழுத்திருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரின் சாகா கார் இப்படித்தான் 80க்கு மேல் போகாமல் நின்றது. போமன் (மெக்கானிக்) முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தமானி வைத்துப் பார்த்தார். 2,500 ஆர்பிஎம்மில் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் போனால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம், அவருடையது எட்டைத் தாண்டியது. புது கேட் போட்டார், கூடவே எண்ணெய் எரிந்ததற்கான காரணத்தையும் சரி செய்தார், அது செய்யாவிட்டால் புதியதும் அடைக்கும்.

கடைசி வழி, இருப்பதைச் சரி செய்வது. யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத வழி, ஆனால் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எங்காவது கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், பெட்ரோல் செலவு ஏறும், கார் இழுக்காது. அதிர்வுக்கு வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப் கிழிந்திருப்பது, கேஸ்கெட் ஊதுவது, தாங்கு ரப்பர் அறுந்து பைப் அடிவாங்குவது, இவை பத்து வருட வண்டியில் சாதாரணம். கண்டுபிடிக்க வழி எளிது: காலையில் குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு, பின்குழாயில் ஒருவர் தடித்த ஈரத் துணியைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால், கசிவு இருக்கும் இடத்தில் "புஸ்" என்று கேட்கும். இணைப்புகளைச் சுற்றிக் கறுப்புக் கரி படிந்திருந்தாலும் அங்கேதான். தரைக்கு அடியில் கசியும் புகை காருக்குள்ளும் வரும், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை. ஏசி போட்டுக்கொண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்து ஓட்டுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

டர்போ கார் வைத்திருப்பவர்கள் மேலே படித்ததை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேவே, சுப்ரிமா எஸ், எக்சோரா போல்டில் வரும் சிஎஃப்இ 1.6, அல்லது எக்ஸ்50 போன்றவற்றில் புகை டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறது. டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறையக் குறைய அது சீக்கிரம் சுற்றும், ஆகவே டர்பைனிலிருந்து இறங்கும் பைப்பான டவுன்பைப் பெரிதாக இருந்தால் இங்கே உண்மையிலேயே வேலை செய்யும், கீழ் ஆர்பிஎம்மிலும் ஆதாயம் தெரியும். டியூனோடு செய்தால் செலவுக்குக் கண்ணில் தெரியும் பலன் கிடைப்பது டர்போவில்தான். ஆனால் கியர்பாக்ஸ், கூலிங், வாரண்டி மூன்றையும் முதலில் விசாரியுங்கள். வாரண்டி என்றதும் ஞாபகம் வருகிறது, புது பெரோடுவாவுக்கு 5 வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர். அது முடியும் வரை எக்சோஸில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987ல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதே வருடத்து வாகனச் சத்தம் பற்றிய சுற்றுச்சூழல் விதிகளும் நடப்பில் இருக்கின்றன. ரோடு பிளாக்கில் ஜேபிஜேயோ (சாலைப் போக்குவரத்துத் துறை) போலீஸோ நிறுத்தினால் சம்மன், அப்புறம் எக்சோஸை மாற்றிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய அலைச்சல், ஒரு நாள் வேலை போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் மாற்றத்தைச் சொல்லிவைப்பது நல்லது.

அக்கா மகனின் காரைத் தூக்கிப் பார்த்தோம். ஃபிளெக்ஸ் பைப் பாதி கிழிந்திருந்தது, பின் மஃப்ளரின் அடிப்பக்கம் துரு தின்றிருந்தது, கேட் நன்றாக இருந்தது. ஃபிளெக்ஸ் பைப்பை மாற்றி, கம்பெனி அளவிலேயே ஸ்டெயின்லெஸ் மஃப்ளர் ஒன்று போட்டோம், கொஞ்சம் ஆழமான சத்தம் வேண்டும் என்றான், அதற்கேற்ப ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பிளக், ஏர் பில்டர், திராட்டல் பாடி கழுவியது எல்லாம் சேர்த்து 600 வெள்ளிக்குள் முடிந்தது. 60லிருந்து 100க்கு முன்பு ஆனதைவிட ஏறக்குறைய ஒரு வினாடி குறைந்திருக்கிறது, அது முழுக்கக் கசிவும் பழைய பிளக்கும் தின்றுகொண்டிருந்த சக்தி. மிச்சப் பணம் நான்கு டயருக்குப் போனது. செம்மோர் பக்கம் மழையில் அந்தத் தேய்ந்த டயரோடு அவன் போவதை நினைத்து அக்கா தூங்காமல் இருந்தாள்.

எக்ஸ்ட்ராக்டர் ஆசை அவனுக்கு இன்னும் போகவில்லை. அடுத்த வருடம் 4-2-1 பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் டியூனுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால்தான். நீங்களும் மாற்றுவதாக முடிவு செய்தால், கழற்றிய பழைய பாகங்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கேட் உள்ள பகுதியை முக்கியமாகக் கேட்டு வாங்குங்கள், அதில் இருக்கும் உலோகத்துக்காகவே எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மீண்டும் கம்பெனி எக்சோஸைப் பொருத்திக் காட்டச் சொன்னாலும், காரை விற்கும்போது வாங்குபவர் கேட்டாலும் அதுதான் வேண்டும். துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, கோணிப்பையில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.